கால் நைனாவோடது

கேசவனின் காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, ஏரியில் அவனுடைய பாடு.

பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் இடங்களில் குப்பத்து ஆட்கள் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் யாருக்கு எந்த இடம், என்றைக்கு என்று விழும். விழுந்ததை மாற்றித் தரச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தை மாதத்துப் பாடு நல்ல பாடு. மழை ஓய்ந்து, முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மேற்கே சேற்றுத் திட்டுகளில் பூநாரைகள் வந்து இறங்கியிருக்கும். கேசவன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், அவனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகும் பால்ராஜ் தன் மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு வலை கட்டிவிட்டு வந்திருந்தான்.

விடிந்ததும் படகு கரையேறியது. கேசவனின் பங்கைப் பிரித்துக் கூடையில் கொட்டிக் கொடுத்தார்கள். கேசவனின் மனைவி பானுப்ரியா மணலில் குந்தி இறாலை வகை பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியது ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், இடையில் மாட்டிய கிழங்கான் மீன் தனியாக. தப்பி ஓடப் பார்த்த நண்டு ஒன்றைப் பார்க்காமலே குதிகாலால் அமுக்கிப் பிடித்திருந்தாள். பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோ கிளம்புவதற்குள் ஐஸ் போட்டாக வேண்டும். அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. காந்தா பேசினாள். காந்தா கேசவனின் அக்கா. ஆஸ்பத்திரியில் தம்பிக்குத் துணையாக இருந்தவள்.

"பானு, நீ கெளம்பி வா. டாக்டரம்மா இன்னாமோ சொல்றாங்க. எனக்குச் சொல்ல வாய் வரல."

"கால்தானே?" என்றாள் பானு.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

பானு கூடையைப் பார்த்தாள். பாதிதான் பிரித்திருந்தது. மீதியையும் பிரித்து, ஐஸ் போட்டு மூடி, பால்ராஜின் வீட்டுக்காரியிடம் ஒப்படைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அழுதுகொண்டே ஓடியிருந்தால் அன்றைக்கு இறால் கெட்டிருக்கும். பானுவுக்கு எப்போதும் கை நிதானம்தான் முதலில் வரும். அழுகை பின்னால் பஸ்ஸில் வரும். அன்றும் திருப்பாலைவனம் தாண்டும்போதுதான் வந்தது.

கேசவனுக்கு நேர்ந்தது ஒன்றும் அதிசயமான விபத்து இல்லை. கார்த்திகையில் ஒரு நாள், வலை கட்டக் கழி ஊன்றுவதற்காக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியவனின் உள்ளங்காலில் கெளுத்தி முள் ஏறியது. ஏரியில் இறங்கி வேலை செய்கிற யாருக்குத்தான் கெளுத்தி முள் ஏறவில்லை? பிடுங்கி எறிந்துவிட்டு அன்றைக்கு வலையும் கட்டிவிட்டு வந்தான். மஞ்சளை எண்ணெயில் குழைத்துக் கட்டினான். புண் மூடவில்லை. ஆனால் வலியும் இல்லை. வலி இல்லாததால் ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டான். உடம்பில் சர்க்கரை இருப்பதும், அதனால்தான் காலுக்குச் சுரணை இல்லாமல் போனதும் அவனுக்குத் தெரியாது. பொங்கலுக்குச் சுண்டுவிரல் கறுத்தது. பானுதான் சண்டை போட்டு ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஆஸ்பத்திரியில் பார்த்த மாத்திரத்தில் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

டாக்டர் வளர்மதி சின்ன வயதுக்காரி. கேசவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பானுவையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினாள்.

"பாதத்துக்கு ரத்த ஓட்டம் நின்னுபோச்சும்மா. மருந்து கொடுத்தாலும் அங்க போய்ச் சேராது. முட்டிக்குக் கீழ எடுத்துட்டா, பின்னால செயற்கைக் கால் வச்சு நடக்கலாம். விட்டா விஷம் மேல ஏறும். அப்புறம் நீங்க சரின்னு சொன்னாலும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ரொம்ப யோசிக்க நேரமில்ல. ஆனா அவர் சரின்னு சொல்லணும். அவர் சுயநினைவோட இருக்கிறப்ப அவர் சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

"வேணாம்" என்றான் கேசவன். "காலோட வந்தேன். காலோடவே போறேன்."

டாக்டர் கோபப்படவில்லை. நாளைக்குக் காலையில் வந்து மறுபடியும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். காந்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாய் போனபின் அவள்தான் தம்பியை வளர்த்தவள். அவன் நடை பழகியதும் அவள் விரலைப் பிடித்துத்தான். வெட்டலாம் என்றும் அவளால் சொல்ல முடியவில்லை; வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

பானு புருஷனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாயா சொல்ற?"

"எனுக்கு ஒண்ணும் தெரியல. நீ சொல்லு. நீ சொன்னா செரி."

"எடுத்துடலாம்."

"அது வேணாம்."

"அப்பறம் எதுக்கு என்ன கேக்கற?"

கேசவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பானு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெயிலிலும் உப்பிலும் கறுத்த, அகலமான முதுகு. புயல் காற்றில்கூட அந்த முதுகு இப்படிச் சுருங்கி அவள் பார்த்ததில்லை.

கிளம்பும்போது காந்தா அவளை வராந்தாவுக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்: "பசங்களாண்ட ஒண்ணும் சொல்லிக்காத. நைனா காசிமேட்டுல போட்டு வேலைக்குப் போய்க்கீதுனு சொல்லு. பிஞ்சு மனசு, தாங்காது."

"பாக்கறேன் அண்ணி" என்றாள் பானு.

ஏரிமுனைக்குப்பத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். தர்ஷினியும் ஜெகனும் பால்ராஜ் வீட்டு வாசலில் மணலில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தேவதர்ஷினி இரண்டாம் வகுப்பு, ஜெகதீஸ்வரன் அங்கன்வாடி. இருவரும் ஓடிவந்து அம்மாவின் பையைத்தான் முதலில் பார்த்தார்கள். பொன்னேரி ஸ்டேஷனில் வாங்கிய சமோசா இருந்தது.

பானு அடுப்பைப் பற்றவைத்தாள். பொடி இறாலும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு. தலை கிள்ளி, முதுகில் நரம்பு இழுத்து, அவள் இறாலைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது தர்ஷினி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நைனா எப்ப வரும்?"

காசிமேடு என்ற சொல் பானுவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்தப் பெண் கேள்வியோடு விடுகிறவள் இல்லை. காசிமேட்டில் எந்தப் போட், யாருடைய போட், போன் போட்டால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள். ஒரு பொய்க்குக் காவலாகப் பத்துப் பொய் நிறுத்த வேண்டும். அதற்கான தெம்பு பானுவிடம் இல்லை. அதைவிட, நாளைக்கே ஒற்றைக் காலோடு அப்பன் வந்து நின்றாலும், வராமலே போனாலும், இந்தப் பிள்ளை தன் முகத்தைப் பார்த்து ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"நைனாவுக்குக் கால்ல புண்ணு கீது இல்ல, அது ஆறாது" என்றாள். "உள்ள செத்துப்போச்சாம். அந்தக் கால எடுத்துட்டா நைனா பொழைச்சுக்கும்னு டாக்டர் சொல்றாங்க."

தர்ஷினி இறால் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெகனும் வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டான்.

"எடுத்தா மறுபடியும் முளைக்குமா?" என்று கேட்டான். "நண்டுக்கு முளைக்குது."

"நண்டுக்கு முளைக்கும். மனுசனுக்கு முளைக்காது."

"வலிக்கும் இல்ல?" இது தர்ஷினி.

"தூங்க வச்சுட்டுத்தான் எடுப்பாங்க. முழிச்சதுக்கு அப்பறம் வலிக்கும். மருந்து குடுப்பாங்க."

"எப்ப எடுப்பாங்க?"

"தெரில. நைனா வேணாம்னு சொல்லுது."

"டாக்டர் சொன்னா செய்ய வேண்டியதுதானே. எனுக்கு ஊசி போடறப்ப என்ன யாரும் கேக்கல."

பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ சின்னப் புள்ள. உனுக்காக நான் செரின்னு சொன்னேன். நைனா பெரிய ஆளு. டாக்டரு வழிதான் சொல்லுவாங்க. கால் நைனாவோடது. அதுதான் சொல்லணும்."

"அப்ப சா பூ த்ரீ போடலாம்" என்றான் ஜெகன். வீட்டில் பெரிய மீன் துண்டு யாருக்கு, பாயில் சுவரோரம் யாருக்கு என்பதெல்லாம் அப்படித்தான் முடிவாகும்.

"அது எப்ப போடுவீங்க? உனுக்கு வந்தாலும் செரி, அவளுக்கு வந்தாலும் செரின்னு இருந்தாத்தானே. பாடுக்குச் சீட்டுப் போடறாங்களே, அதுவும் அப்பிடித்தான். இன்னிக்கு எனுக்கு, நாளிக்கு உனுக்கு. கண்ண மூடிகினு எடுக்கலாம். கால எடுத்தா ஒரு மாதிரி ஆவும், எடுக்காட்டி வேற மாதிரி ஆவும். ரெண்டும் ஒண்ணு கெடையாது. அத கண்ண மூடிகினு எடுக்கக் கூடாது."

"எங்க கிளாஸ்ல லீடருக்குக் கை தூக்கச் சொன்னாங்க" என்றாள் தர்ஷினி. "குப்பத்துல எல்லாரையும் கை தூக்கச் சொல்லலாம்."

"லீடரு எல்லாருக்கும் லீடரு. அதனால எல்லாரும் கை தூக்கலாம். எல்லாரும் கை தூக்கிட்டு அவங்கவங்க வூட்டுக்கு அவங்கவங்க கால்ல நடந்து பூடுவாங்க. நைனாதானே அப்பறம் அப்பிடி இருக்கணும்."

குழம்பு கொதித்தது. பானு உப்புப் பார்த்தாள். தர்ஷினி விடவில்லை.

"அப்ப பெரியவங்க எப்பிடித்தான் முடிவு பண்ணுவாங்க?"

பானு கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. தானும் கேட்டுக்கொண்டதில்லை. கட்டிக்கொண்டது, மீன் விற்கப் போனது, எல்லாம் ஏதோ நடந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம்.

"போன வருசம் புயலு வருதுனு மைக்குல சொன்னாங்களே, ஞாபகம் கீதா?" என்றாள். "நம்ம வலை ஏரியில நின்னுகினு இருந்துச்சு. போயி எடுக்கலாமா, வேணாமானு நைனா கரையில நின்னுகினே இருந்துச்சு. நான் கூட ஏசினேன். அப்ப அது இன்னா பண்ணிச்சு தெரியுமா? மொதல்ல காத்தப் பாத்துச்சு. போன் போட்டு மேலூரு ஆளுங்களாண்ட கேட்டுச்சு. போவலன்னா இன்னா போவும், வலை. போனா இன்னா போவலாம், ஆளு. எது போனா நம்மால தாங்க முடியும்னு பாத்துச்சு. அப்பறம் படவ கட்டிட்டு வூட்டுக்கு வந்துடுச்சு."

"ஆனா புயலு வரல" என்றாள் தர்ஷினி. "வேற பக்கம் பூடுச்சு. வெள்ளம் வந்து நம்ம வலைதான் போச்சு. எங்க கிளாஸ் தேவாவோட நைனா போயி அவங்க வலைய எடுத்துகினு வந்துட்டாரு. அப்ப நம்ம நைனா பண்ணது தப்பு."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடு என்று சொல்லியிருப்பார்கள். பானு சொல்லவில்லை.

"வலை போச்சுதான். ஆனா கரையில நிக்கிறப்ப புயலு வேற பக்கம் போவும்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்ச வரைக்கும் ஒயுங்கா பாத்துத்தான் நைனா சொல்லிச்சு. அப்பறம் நடக்கறது நம்ம கையில இல்ல. அதனால அத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"இப்பவும் நைனா அப்பிடிப் பாக்குதா?"

"இல்ல."

"ஏன்?"

"பயந்துகினு கீது."

"பயந்துகினா முடிவு பண்ண முடியாதா?"

"அதான் எனுக்கும் தெரில கண்ணு" என்றாள் பானு. "சாப்பிடு. எறால் ஆறிடும்."

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அன்றைக்குப் பெரிய மீன் துண்டு எதுவும் இல்லாததால் சண்டை இல்லை. பானு மட்டும் தட்டில் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பாடு முடிவதற்குள் அவள் தன் முடிவுக்கு வந்துவிட்டாள்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் அவர்களோடு பஸ் ஏறினாள். காந்தா போனில் சத்தம் போட்டாள்: "ஆஸ்பத்திரிக்குப் பசங்கள இட்டுகினு வருவாங்களாடி? உனுக்கு இன்னா பித்தா?"

"அவரு வேணாம்னு சொல்றாரு இல்ல அண்ணி. அது ஏன்னு என் வாயால நான் பசங்களாண்ட சொல்ல மாட்டேன். அவரே சொல்லட்டும்."

திருப்பாலைவனம் பக்கத்தில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வயலில் மிஷின் ஓடிய இடமெல்லாம் கொக்குகள் பின்னாலேயே நடந்தன. ஜெகன் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தான். பொன்னேரியில் ரயில் ஏறி உட்கார்ந்தபோது தர்ஷினி ஒரே ஒரு தடவை கேட்டாள்: "நாங்க இன்னா சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். உனுக்குத் தெரியாதத கேளு. அவ்ளோதான்."

வார்டுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். பானு வாசலில் நின்று டாக்டர் வளர்மதிக்குச் சொல்லி அனுப்பினாள். டாக்டர் வந்து பிள்ளைகளையும் பானுவையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், கேசவனைச் சக்கர நாற்காலியில் வராந்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னாள். வேப்பமரத்து நிழல் விழும் நீள வராந்தா. கேசவனின் கால் கட்டுப் போட்டு நீட்டி வைத்திருந்தது. பிள்ளைகளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பானுவைப் பார்த்ததும் இறுகியது.

"இவங்கள எதுக்கு இட்டுகினு வந்த?"

"நீ இன்னா முடிவு பண்ணிக்கிறனு கேக்கறாங்க. எனுக்குச் சொல்லத் தெரில. நீ சொல்லு" என்று சொல்லிவிட்டு, பானு எட்டப் போய்ச் சுவரோரம் காந்தாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கேசவன் ஜெகனை இழுத்து நல்ல காலின் மேல் உட்காரவைத்துக்கொண்டான். "ஒண்ணுமில்லம்மா. நைனா கால் செரியாயிடும்."

"ஆறாதுனு அம்மா சொல்லிச்சு" என்றாள் தர்ஷினி.

கேசவன் ஜெகனின் தலையைக் கோதினான்.

"எடுக்க வேணாம்னு ஏன் சொல்ற?"

"கால் இல்லாட்டி படவுல நிக்க முடியாதும்மா. தொழிலுக்குப் போவ முடியாது."

தர்ஷினி அதைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தாள். "பாலு பெரீப்பா குந்திகினுதானே வலைய இழுத்து வாங்குவாரு. நிக்கிறது நீதான். நீ குந்திக்கோ. அவரு நிக்கட்டும்."

"தண்ணியில எறங்கிக் கழி ஊன்றது யாரு?"

"அது முடியாது" என்று ஒப்புக்கொண்டாள் தர்ஷினி. "அப்பறம்?"

"அப்பறம் இன்னா?"

"வேற ஏன் வேணாம்?"

"ஊர்ல எல்லாம் நொண்டின்னு சொல்லுவாங்க."

சின்னப் பிள்ளை, 'இல்லை நைனா, சொல்ல மாட்டார்கள்' என்று சொல்லும் என அவன் எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமா, சொல்லுவாங்க" என்றாள். "எனுக்குப் பல்லு விழுந்தப்ப பொக்க வாயினு சொன்னாங்க. அயுகைதான் வந்துச்சு. அப்பறம்?"

 வராந்தாவின் அந்தக் கோடியில் யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். கேசவன் அது போகும் திசையைப் பார்த்தான்.

"பயமா கீதும்மா" என்றான்.

"எதுக்கு?"

"முழிச்சிப் பாத்தா கால் இருக்காது இல்ல. அத நெனச்சா."

காந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி எதற்காவது பயம் என்று சொல்லி அவள் கேட்டதேயில்லை. அதுவரை அப்பனின் காலில் இருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஜெகன், குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தான்.

"நாறுது நைனா. கெட்டுப்போன மீனு மாதிரி."

யாரும் அவனை அதட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னான். மீன் கெட்டால் எப்படி நாறும் என்று அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கெட்டதைக் கூடையில் விட்டுவைத்தால் மற்ற மீனுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். கேசவன் தன் காலை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எடுக்காட்டி இன்னா ஆவும்?" என்று தர்ஷினி கேட்டாள்.

"டாக்டரு சொல்லிக்கிறாங்க."

"நீ சொல்லு."

கேசவன் பானுவைத் தேடினான். அவள் அசையவில்லை. ஓடிப்போய் அவன் வாயைப் பொத்திவிட வேண்டும் போல் அவளுக்கு இருந்தது. சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து டாக்டரும் அவளும் காந்தாவும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தார்கள். அந்த ஒன்றை அவன் வாயால் அவன் சொன்னதேயில்லை.

"எடுக்காட்டி நைனா இருக்க மாட்டேன்" என்றான் கேசவன்.

சொன்ன பிறகு அவனே அதைக் கேட்டவன்போல உட்கார்ந்திருந்தான். ஜெகன் அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். தர்ஷினியின் கீழுதடு நடுங்கியது. ஆனால் கண்ணை அவன் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"பானு" என்று கூப்பிட்டான் கேசவன். "அந்த டாக்டரம்மாவ வரச் சொல்லு."

பானு நடந்துதான் போனாள். வாசல் திரும்பியதும் ஓடினாள்.

அவள் டாக்டரோடு திரும்பி வந்தபோது தர்ஷினி இன்னும் விட்டபாடில்லை. "முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பண்ணிட்டேன்."

"எப்பிடிப் பண்ண?"

"உன்னாண்ட சொல்லிகினே வந்தேன் இல்ல. வேணாம்னு சொல்றதுக்கு ஒவ்வொண்ணா சொன்னேன். கடைசில ஒண்ணுந்தான் நின்னுச்சு, பயம். அதுக்காக உங்கள வுட்டுட்டுப் போறதானு பாத்தேன்."

"இப்ப பயம் பூடுச்சா?"

"எங்க போவும்? அது அப்பிடியே கீது" என்றான் கேசவன். பிறகு டாக்டரைப் பார்த்து, "எடுத்துடுங்கம்மா" என்றான்.

டாக்டர் வளர்மதி, எடுத்த பிறகு என்னவெல்லாம் செய்வார்கள் என்று கேசவனுக்கும் தர்ஷினிக்கும் சேர்த்தே சொன்னாள். தர்ஷினி நிறையக் கேட்டாள். எடுத்த காலை என்ன செய்வீர்கள் என்றுகூடக் கேட்டாள். அதற்கும் டாக்டர் மறைக்காமல் பதில் சொன்னாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. காந்தா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து தன் காலையே பிடித்துக்கொண்டிருந்தாள். பானு நின்றுகொண்டே இருந்தாள். அதன்பின் வந்த நாட்கள் லேசானவை அல்ல. இல்லாத சுண்டுவிரலில் அரிப்பெடுக்கிறது என்று கேசவன் தவித்தான். சில நாள் யாரோடும் பேசாமல் கிடந்தான். எதற்குச் சரியென்று சொன்னோம் என்று ஒருமுறை பானுவிடம் வாய்விட்டே கேட்டான். பானு தேற்றவில்லை. காயத்துக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வரும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொள்வான். அவள் மூட மாட்டாள். பார்த்துப் பார்த்து, பிறகு தானே கட்டத் தெரிந்துகொண்டாள். விடியலில் கரைக்குப் போய் மீன் எடுத்து, பொன்னேரியில் விற்றுவிட்டு, கூடையை அங்கேயே வைத்துவிட்டு ரயிலேறுவாள். செதில் ஒட்டிய கையோடு வார்டுக்குள் வருகிறாள் என்று யாரோ முகம் சுளித்தபோது, கேசவன்தான் அவளுக்காக முதன்முதலாக எழுந்து உட்கார்ந்து பேசினான். அன்றைக்குப் பானுவுக்கு நம்பிக்கை வந்தது. பால்ராஜ் வந்து பார்த்துவிட்டு, படகின் பின்பலகையில் குந்திக்கொண்டு மோட்டார் பிடிக்கலாம், கழி ஊன்ற மச்சான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனான். கேசவன் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றான்.

மாசிக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். செயற்கைக் காலுக்குப் புண் நன்றாக ஆறிய பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை இரண்டு அக்குள்கட்டைகள்.

தார் ரோடு முடிகிற இடத்தில் ஆட்டோ நின்றது. அங்கிருந்து வீடுவரை மணல். வெயில் சாய்ந்து, ஏரியிலிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. குப்பத்தில் பாதிப் பேர் வந்து நின்றிருந்தார்கள். பால்ராஜ் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிப்போவதாக ஏற்பாடு.

"வேணாம் பாலு" என்றான் கேசவன். "நடக்கறேன்."

ஆஸ்பத்திரித் தரையில் அவன் நன்றாகத்தான் பழகியிருந்தான். மணல் வேறு. கட்டை ஒவ்வொரு ஊன்றலுக்கும் உள்ளே இறங்கியது. பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. ஊர் மொத்தமும் பின்னால் வந்தது. ஊர்த் தலைவர் வீட்டு மதிலைத் தாண்டும்போது இடது கட்டை ஆழமாக இறங்கிக்கொண்டது. கேசவன் பக்கவாட்டில் விழுந்தான்.

கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் பாய்ந்தது. காந்தா ஓடினாள். பானு கையைக் குறுக்கே நீட்டி அவளை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. முன்னால் போய்க்கொண்டிருந்த தர்ஷினி திரும்பி ஓடிவந்துவிட்டிருந்தாள்.

அவள் அப்பனைத் தொடவில்லை. அவன் முகத்துக்கு நேராக மணலில் குந்தினாள். ஜெகனும் அக்காவின் பக்கத்தில் அதேபோலக் குந்திக்கொண்டான்.

"நைனா, தூக்கணுமா, நீயே எழுந்துக்கிறியா?"

கேசவனின் கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. அவன் தலையைத் தூக்கி வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்தான். விழுந்த கட்டையைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். அவசரப்படவில்லை. தூக்குவதற்காகக் குனிந்த கைகள் அப்படியே நின்றன.  அவன் யோசித்து முடிக்கும்வரை பிள்ளைகள் இரண்டும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"எழுந்துக்க முடியாது. தூக்கிவுடணும்" என்றான் கேசவன். "நிக்க வச்சுட்டா போதும். அப்பறம் நான் நடந்துப்பேன். பாலு மட்டும் வரட்டும்."

தர்ஷினி எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாலு பெரீப்பா மட்டும் வரணுமாம்" என்றாள்.

பால்ராஜ் மட்டும் வந்தான். மற்றவர்கள் பின்னால் நகர்ந்து வழி விட்டார்கள்.